மழை பெய்தால் மரத்தடியில் நுரை ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் தெருமுனை டீக்கடையை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. கத்திரி முடிவதற்குள் ஒரு சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது. நின்ற பிறகு பார்த்தால் மரத்தின் தூரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை. "இன்னாபா இது, யாரு சோப்புப் பவுடர் கொட்டினது?" என்று டீக்கடை அண்ணன் கேட்க, நான் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, அன்று ராத்திரி பதினொன்று வரை கேள்வி வந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் யாராவது ஒருவர் குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ ஒரு போட்டோ அனுப்பி அதே கேள்வியைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் அடித்துக் கை ஓய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன், மரம் நட்டு வளர்த்த அனுபவம் குறைவு, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே வரியில் சொல்லுங்கள் சார், அது என்ன?

மரப்பட்டையில் இருக்கும் சோப்பு மாதிரியான பொருட்களும் பட்டையில் படிந்த தூசியும் மழைத் தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீர் கரடுமுரடான பட்டையில் முட்டி மோதி இறங்கும்போது காற்றோடு கலந்து நுரையாகிறது. அவ்வளவுதான். அவசரம் என்றால் இதோடு போகலாம்.

மரத்துக்குள் சோப்பா? நம்பும்படியாக இல்லையே.

உங்கள் ஆயா தலைக்கு எதைத் தேய்த்துக் குளித்தார்கள்? சீயக்காய் ஒரு கொடியின் காய். அரப்புத்தூள் உசிலை மரத்தின் இலை. ஆரணிப் பட்டுப்புடவையை சோப்பில் போடாமல் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசுவார்கள், நகைக்கடைக்காரர்களும் அதில்தான் நகையைக் கழுவுவார்கள். இவை எல்லாவற்றிலும் இருப்பது சபோனின் என்ற ஒரு வகைப் பொருள். செடிகொடிகள் அதை நமக்காகத் தயாரிப்பதில்லை, பூஞ்சையும் பூச்சியும் தன்னைத் தின்னாமல் இருக்க வைத்துக்கொண்டிருக்கும் சரக்கு அது. காயிலும் இலையிலும் மட்டும் என்றில்லை, பல மரங்களில் பட்டையிலும் இருக்கிறது. வாகை மரத்தின் பட்டையில் இருக்கிறது, அதன் சொந்தக்காரனான தூங்குமூஞ்சியிலும் இருக்கிறது. உசிலையும் அதே கூட்டம்தான்.

இப்போது நுரை எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். சுத்தமான தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி எவ்வளவு குலுக்கினாலும் குமிழி வரும், உடனே உடையும். தண்ணீரின் மேற்பரப்பு ஒரு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்கிறது. அந்த இழுவிசை 25 டிகிரி வெப்பத்தில் மீட்டருக்கு 72 மில்லி நியூட்டன், திரவங்களில் அது அதிகம்தான். குமிழியின் சுவர் மெலிந்த தண்ணீர்ப் படலம். இழுவிசை அதிகமானால் அந்தப் படலம் தன்னைச் சுருக்கிக்கொண்டு பிய்ந்துவிடும். சபோனின் மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு முனைக்குப் பிடிக்காது. அதனால் அது தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவில் போய் வரிசையாக உட்கார்ந்துகொள்கிறது. இழுவிசை குறைகிறது, படலமும் கெட்டியாகிறது, குமிழி உடையாமல் நிற்கிறது.

சபோனின் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பட்டையிலிருந்து கரையும் டானின் என்ற துவர்ப்புச் சரக்கு, பிசின், கொழுப்பு அமிலங்கள், பட்டையில் வாழும் பாசியிலிருந்து வரும் புரதம், பூவின் மகரந்தம், ரோட்டுத் தூசி எல்லாமே சேருகின்றன. நுண்ணிய தூசித் துகள்கள் குமிழிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அதை உடையவிடாமல் தாங்கும். "மரத்தடியில் இயற்கையாகவே சோப்பு காய்ச்சப்படுகிறது" என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அது பாதிதான் சரி. சோப்பு காய்ச்ச எண்ணெயும் காரமும் வேண்டும், காஸ்டிக் சோடா போலக் கடுமையான காரம். மழைத் தண்ணீர் கார்பன் டை ஆக்சைடு கரைந்து லேசான அமிலமாகத்தான் வருகிறது, pH அளவு 5.6 சுமார் (7-க்குக் கீழே போனால் அமிலம்). அங்கே சோப்பு காய்வதில்லை, ஏற்கனவே மரத்தில் இருந்ததுதான் கரைகிறது.

மழை ஆரம்பித்த உடனே வராமல் கால் மணி, அரை மணி கழித்துத்தான் வருகிறதே?

நல்ல கவனிப்பு. காய்ந்த பட்டை ஒரு காய்ந்த ஸ்பாஞ்ச் மாதிரி, முதலில் தான் குடிக்கும். இலையும் கிளையும் நனைய வேண்டும், பட்டை ஊற வேண்டும், அதற்கப்புறம்தான் மிச்சத் தண்ணீர் ஓடையாக இறங்கும். அதனால்தான் சின்னத் தூறலுக்கு நுரை வருவதில்லை. ஊறும் அந்த நேரத்தில்தான் பட்டைக்குள் இருப்பதும் கரைகிறது, டீத்தூளைக் கொதிநீரில் போட்டவுடன் வடிகட்டாமல் கொஞ்சம் விடுவது போல.

எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று ஒருவர் கேட்டார். மரத்துக்கு மரம் மாறும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிளைகள் குறுக்காகப் பத்து மீட்டர் விரிந்த ஒரு மரம், அதன் மேல் 20 மில்லிமீட்டர் மழை. மொத்தம் ஏறக்குறைய 1570 லிட்டர் விழுந்திருக்கும். பெரும்பகுதி இலைகளிலிருந்து சொட்டிவிடும். நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் தண்டு வழியாக இறங்குகிறது என்று வைத்தால்கூட 31 லிட்டர், அதாவது இரண்டு குடம். இரண்டு குடம் தண்ணீர் ஒரே தண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஒரே இடத்தில் இறங்கினால் தூரில் நுரை சேராமல் என்ன செய்யும்?

எல்லா மரத்திலும் வருவதில்லையே. பக்கத்துப் புளியமரத்தில் இல்லை.

முதல் காரணம் பட்டைக்குள் இருக்கும் சரக்கு, அது மரத்துக்கு மரம் வேறு. வெளிநாடுகளில் பைன் மரத்திலும் யூகலிப்டஸிலும் இதை அதிகம் பார்க்கிறார்கள், நம்மூர்த் தைல மரத்தைப் பற்றியும் எனக்குப் போட்டோ வந்திருக்கிறது. அடுத்தது உருவம். கிளைகள் மேல்நோக்கிக் குவிந்து கவட்டையில் சேரும் மரம் ஒரு புனல் போலத் தண்ணீரைத் தண்டுக்கு அனுப்பும். கிளை கீழே தொங்கும் மரம் ஓரத்தில் சொட்டிவிடும். தண்டு சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரு பக்கமாகவே வழியும், நுரையும் அந்தப் பக்கம் மட்டும்தான். எங்கள் தெரு மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்தது, டீக்கடைப் பக்கம் ஒரு பொட்டு நுரை கிடையாது, அது டீக்கடை அண்ணனுக்குப் பெரிய நிம்மதி.

புளியமரம் நுரைக்கவே நுரைக்காது என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். பெங்களூர் ரோட்டுப் பழைய புளியமரங்களின் தூரில் பழுப்பு நுரையை நானே பார்த்திருக்கிறேன். அதில் ரோட்டுத் தூசிக்கும் டயர் கிளப்பும் அழுக்குக்கும் பெரிய பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

முதல் மழையில்தான் அதிகம் என்கிறார்களே, ஐப்பசியில் அடைமழை பெய்தும் ஏன் அவ்வளவு இல்லை?

மாசியிலிருந்து சித்திரை வரை வேலூரில் மழை குறைவு, வெயிலோ நாற்பது டிகிரியைத் தாண்டும். அத்தனை மாதமும் பட்டையில் தூசி, புகை, மகரந்தம், பூச்சி எச்சம் எல்லாம் படிந்துகொண்டே இருக்கும். காய்ந்து வெடித்த பட்டை வேறு. முதல் கோடை மழை அத்தனையையும் ஒரே நாளில் கழுவுகிறது. ஐப்பசிக்குள் நாலைந்து தடவை கழுவியாகிவிடும், அதற்கப்புறம் கழுவ என்ன மிச்சம்? பாத்திரத்தை மூன்றாம் முறை அலசும்போது நுரை வராதது போலத்தான். இடைவெளி விட்டு, பத்து இருபது நாள் வெயிலுக்கப்புறம் பெய்தால் திரும்ப வரும்.

வழியும் தண்ணீர் டிகாஷன் நிறம், நுரை மட்டும் எப்படி வெள்ளை?

டிகாஷன் நிறம் டானினால். டீயிலும் அதன் வகைதான் இருக்கிறது. நுரை வெள்ளையாகத் தெரிவது ஒளியின் வேலை: ஆயிரக்கணக்கான குமிழிச் சுவர்களில் ஒளி பட்டு எல்லாத் திசையிலும் சிதறுகிறது, சுவரோ நிறம் காட்டும் அளவுக்குத் தடிமன் கிடையாது. கோலி சோடாவோ பன்னீர் சோடாவோ, ஊற்றியவுடன் மேலே வருவது வெள்ளையாகத்தானே தெரியும். நேரமாக ஆகக் குமிழி உடைந்து தூசியும் டானினும் மட்டும் தங்கும்போது பழுப்பாகிவிடும்.

யாராவது சோப்புத் தண்ணியை ஊற்றியிருக்கலாமே?

இருக்கலாம். நானே அப்படி நினைத்து அசிங்கப்பட்ட கதை உண்டு. எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஒரு வாகை மரம், அதன் அடியில் நுரை. எதிர்வீட்டு அக்கா வாஷிங் மெஷின் ட்யூபை இந்தப் பக்கம் விட்டிருக்கிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, மழை விட்டதும் போய், "யக்கா, மரம் பட்டுப்போயிடும், தண்ணிய அந்தாண்ட வுடுங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மெஷின் ரிப்பேராகி மூன்று வாரம், மேலே துணி மூட்டை. திரும்பி வந்து குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தபோதுதான் ஆளுயரத்துக்கு மேலேயே பட்டை வெடிப்புகளில் குமிழிகள் கோர்த்து இறங்குவது தெரிந்தது.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நுரை எங்கே ஆரம்பிக்கிறது? தண்டில் மேலே குமிழித் தடம் இருந்தால் மரத்தின் வேலை. தண்டு காய்ந்தோ சும்மா நனைந்தோ இருந்து தரையில் மட்டும் நுரை ஓடிவந்து சேர்ந்திருந்தால் அது எங்கிருந்தோ வந்தது, ஓடிவந்த வழியிலேயே போய்ப் பாருங்கள், ஒரு குழாயோ கால்வாயோ அகப்படும். சோப்புப் பவுடர் நுரையில் வாசனை இருக்கும், மழை இல்லாத நாளிலும் வரும். மர நுரையில் மண்ணும் ஊறிய கட்டையும் கலந்த ஒரு மணம்தான்.

ரோட்டோர மரத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறார்களே, அந்தச் சுண்ணாம்பா?

இல்லை. சுண்ணாம்பு கரைந்தால் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வழியும், குமிழி வராது. சுண்ணாம்பில் இருக்கும் கால்சியம் சோப்பு நுரையைக் கெடுக்கும் பொருள். போர் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக ஒட்டுவது அதனால்தான்.

பாலாற்றிலும் மழை வந்தால் நுரை பொங்குகிறது. அதுவும் இதே இயற்கைதானே? எதற்கு ஊரைக் கூட்டுகிறார்கள்?

இல்லை, இந்த இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். இப்படிக் குழப்புவது சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது.

தண்ணீரில் மேற்பரப்பில் உட்காரும் பொருள் கலக்க வேண்டும், காற்று கலக்க வேண்டும் என்ற அளவில் இரண்டும் ஒரே சங்கதிதான். ஆனால் மரத்தடியில் நுரைப்பது இரண்டு குடம் தண்ணீர். ஆற்றில் ஆள் உயரத்துக்குப் பொங்கினால் அந்த அளவு சரக்கு எங்கேயோ இருந்து வந்தாக வேண்டும். ஊர்ச் சாக்கடையின் சோப்புத் தண்ணீர் ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வரிசையில் தோல் பதனிடும் இடங்கள் இன்னொன்று. தோலை ஊறவைத்து, கழுவி, கொழுப்பெடுத்து வெளியேறும் தண்ணீரில் புரதமும் கொழுப்பும் கழுவப்போட்ட சோப்பு வகைகளும் இருக்கும், சுத்திகரிக்காமல் விட்டால் அது நுரைக்காமல் வேறென்ன செய்யும். மழை வெள்ளத்தோடு சேர்த்துக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் ஆற்றங்கரை ஊர்களில் பழைய புகார். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணைத் தண்ணீர் நுரையாகப் பொங்குவதும் பெங்களூரு பெல்லந்தூர் ஏரி நுரையும் இதே ரகம்தான், அங்கேயும் மரத்தைக் குறை சொல்ல முடியாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்தத் தோல் கழிவைப் பற்றித்தான். கெடுத்தவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அழுத்திச் சொன்னார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடெங்கும் "வேலூர் கேஸ்" என்று படிக்கிறார்கள், நம்மூரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தோல் பதனிட இப்போது போடும் குரோமியம் உப்பு வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையிலும் வேலம்பட்டையிலும் கடுக்காயிலும். அதாவது இங்கே மரத்தடியில் டிகாஷன் நிறத்தில் வழிகிறதே, அதே டானின்தான் ஒரு காலத்தில் இந்த ஊர்களின் தொழிலையே நடத்தியது.

அப்போ ராணிப்பேட்டைப் பக்கம் மரத்தடியில் நுரை வந்தால் ரசாயனம் கலந்திருக்கிறது என்று அர்த்தமா?

நுரையை வைத்து அதைச் சொல்ல முடியாது. பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது. குரோமியம் உப்புகள் நுரைக்கும் பொருட்கள் இல்லை. ஆறாம் இணைதிறன் குரோமியம், அதுதான் விஷம் கூடியது, தண்ணீரை மஞ்சளாக்கும், நுரையாக்காது. நுரை இல்லாத தெளிந்த தண்ணீரிலும் அது குறைந்த அளவில் இருக்கலாம். உங்கள் கிணற்றின் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு கேன் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து, எதைத் தேடுகிறீர்கள் என்று சொல்லிச் சோதியுங்கள். வெறுமனே "தண்ணி டெஸ்ட்" என்றால் உப்பும் கடினத்தன்மையும் மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் ஊரில் வேப்பமரத்தில் பால் பொங்கியது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாவாடை கட்டிக் கும்பிடுகிறார்கள். அதுவும் நுரைதானே?

அது வேறு. கும்பிடுகிறவர்களைக் கிண்டல் செய்ய நான் இங்கே வரவில்லை, என் அம்மாவே ஒரு தடவை போய் வந்தவர். என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மழை நுரைக்கு மழை வேண்டும், மழை நின்று ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விடும். வேம்பில் வழிவது வெயில் காலத்திலும் வரும், நாள்கணக்கில் வரும், ஒரு குறிப்பிட்ட ஓட்டையிலோ வெடிப்பிலோ கவட்டையிலோ இருந்து வரும். அது மரத்துக்குள்ளே ஓடும் சாறு. அடிபட்டோ பூச்சி துளைத்தோ நுண்ணுயிர் உள்ளே புகுந்தோ சாறு போகும் பாதை கெட்டால் உள்ளழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது. சாற்றில் சர்க்கரை இருக்கிறதே, வெளியே வந்தவுடன் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஏறிக்கொண்டு புளிக்கவைக்கும், அதில் வாயு கிளம்பி நுரைக்கும். பனங்கள் நுரைப்பது எப்படியோ அப்படித்தான். வேப்பங்கள் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. கிட்டப்போனால் புளித்த வாடை அடிக்கும், ஈயும் எறும்பும் மொய்க்கும். மழை நுரையில் இந்த இரண்டும் கிடையாது.

கும்பிடுவதால் மரத்துக்குக் கெடுதல் இல்லை, சூடம் ஏற்றுவதைத் தூருக்கு ஒட்டி வைக்காமல் தள்ளி வைத்தால் போதும். பாட்டிலில் பிடித்துப் போய்க் குடிப்பதுதான் வேண்டாம், அதில் என்னென்ன கிருமி வளர்கிறது என்று யாருக்குத் தெரியும்.

மழையே இல்லை, செடித் தண்டில் எச்சில் துப்பியது போல ஒரு பொட்டு நுரை. இது?

பூச்சி. ஒரு சின்னக் குஞ்சுப் பூச்சி தண்டின் சாற்றை உறிஞ்சி, பின்பக்கமாக வெளியேற்றும் திரவத்தில் காற்றை அடித்து நுரையாக்கி அதற்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. வெயிலில் காயாமல் இருக்கவும், தின்ன வருகிறவன் கண்ணில் படாமல் இருக்கவும். குச்சியால் விலக்கினால் உள்ளே பச்சையாக உட்கார்ந்திருக்கும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

மரத்துக்கு நோயா? பட்டுப்போகுமா? வெட்டிவிடலாமா?

மழையோடு வந்து மழையோடு போகும் நுரை நோய் இல்லை. மருந்து வேண்டாம், தூரைக் கழுவ வேண்டாம், வெட்டவே வேண்டாம். ஏற்கனவே "மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு" என்று நம்மூரை ஊரே கிண்டல் செய்கிறது. அந்த வரிசையில் இருந்த "சாமியில்லாத கோயில்" மட்டும் 1981-ல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்ததும் கழன்றுவிட்டது, மரம்தான் பாக்கி.

காய்ந்த நாளிலும் ஒரே இடத்தில் கசிவு, நாற்றம், பட்டை உரிந்து கட்டை மெத்தென்று அமுங்குவது, தூரில் காளான் இவை இருந்தால் அது வேறு கதை, மரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குழந்தை கையில் அள்ளி விளையாடிவிட்டது, நாய் நக்கிவிட்டது.

கையைக் கழுவிவிடுங்கள். கண்ணில் பட்டால் எரியும், சீயக்காய் பட்டால் எரிவது போல, நல்ல தண்ணீரால் அலசுங்கள். நாய் ஒரு நக்கு நக்கியதற்குப் பயம் வேண்டாம், ஆனால் ரோட்டோர நுரையில் வண்டி ஆயிலும் அழுக்கும் கலந்திருக்கும், பழக்கமாக விடாதீர்கள்.

மீன்தான் விஷயம். சபோனின் மீனின் செவுள் வழியே போய் இரத்த அணுக்களை உடைக்கும். மீன் வளர்க்கும் குட்டைகளில் வேண்டாத மீனை முதலில் ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துவிடுவது அதற்காகத்தான். ஒரு மரத்து மழைநுரை ஏரியை ஒன்றும் செய்யாது. வாசலில் சிமெண்ட் தொட்டி வைத்துக் கப்பி மீன் விட்டிருக்கிறீர்கள், அதன் மேல் வாகை மரத்துத் தண்டுத் தண்ணீர் நேராக இறங்குகிறது என்றால் தொட்டியை இரண்டடி தள்ளி வையுங்கள்.

அந்த நுரையை வழித்துத் தலைக்குத் தேய்க்கலாமா?

இதைக் கேட்டது என் மைத்துனன். பறவை எச்சம், லாரிப் புகை, எறும்புப் பிணம் எல்லாவற்றோடும் தேய்த்துக்கொள்ள ஆசை என்றால் தேய்க்கலாம். கடையில் அரப்பு கிடைக்கிறது. போர் தண்ணியிலும் அது நுரைக்கும், ஏனென்றால் சபோனின் சோப்பைப் போலக் கால்சியத்துக்குப் பயப்படுவதில்லை.

பசங்களுக்கு இதைச் செய்து காட்ட முடியுமா?

முடியும், எங்கள் வகுப்பில் செய்கிறோம். மரத்தில் ஒட்டியிருக்கும் பட்டையை உரிக்க வேண்டாம், தானாக உதிர்ந்து கீழே கிடப்பதைப் பொறுக்குங்கள். மூன்று தண்ணீர் பாட்டில்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உடைத்த பட்டைத் துண்டுகள் ஊறவைத்தது, ஒன்றில் கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டைத் தோல் ஒன்று ஊறியது. ஒரு ராத்திரி ஊறட்டும், வடிகட்டி, மூன்றையும் ஒரே அளவுக்கு நிரப்பி, ஒரே ஆள் ஒரே மாதிரி அரை நிமிடம் குலுக்கட்டும். ஸ்கேல் வைத்து நுரை உயரத்தைக் குறியுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். முதல் பாட்டில் கீழே வைப்பதற்குள் அடங்கிவிடும். பூந்திக்கொட்டை தேன்கூடு போல நிற்கும். மருந்துச் செடி ஆய்வகங்களிலும் சபோனின் இருக்கிறதா என்பதற்கு முதல் சோதனை இதே குலுக்கல்தான்: ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நுரை பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

பட்டை பாட்டில் மரத்தைப் பொறுத்து. போன வருஷம் ஒரு பெண் வேப்பம்பட்டை, வாகைப்பட்டை, தைல மரப்பட்டை மூன்றையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பீரியட் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. ரோட்டோர மரப்பட்டையையும் வயலோர மரப்பட்டையையும் கழுவாமல் ஒப்பிட்டால் தூசியின் பங்கும் கொஞ்சம் தெரியும்.

எங்கே போய்ப் பார்க்கலாம்? நாங்கள் அப்பார்ட்மெண்ட்டில் இருக்கிறோம், மரமே இல்லை.

பெரிய தூங்குமூஞ்சியோ வாகையோ நிற்கும் எந்தப் பழைய ரோடும், பள்ளிக்கூடமும், ஆபீஸ் வளாகமும் போதும். அமிர்தி காட்டுப் பக்கமோ ஜவ்வாது மலைப் பக்கமோ போகிறவர்கள் உசிலை மரம் கண்ணில் பட்டால் அதன் தூரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், நான் இன்னும் மழையில் அதைப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும். நம்மூர்க் கோடை மழை இடியோடுதான் வரும், இடிக்கும்போது நுரை பார்க்கிறேன் என்று மரத்தடியில் போய் நிற்காதீர்கள். இடி முழக்கம் அடங்கி அரை மணி நேரம் ஆகட்டும், அப்புறம் போங்கள். கொஞ்சம் பழுப்பேறியிருக்கும், ஆனால் அதுவரை எங்கேயும் ஓடிவிடாது.